ஜெனரல்களும் ஒரு கார்ல் மார்க்ஸும்

1852ஆம் வருடத்து வசந்தத்தில் அகஸ்டஸ் டவுட் என்ற வேட்டைக்காரர், குண்டடி பட்ட கிரிஸ்லி கரடி ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். இடம், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவு. கீழே மர்ஃபிஸ் என்ற தங்கச் சுரங்க ஊர். அங்கே தண்ணீர்க் கம்பெனி ஒன்றின் ஆட்களுக்கு இறைச்சி கொண்டுவந்து போடுவது அவருக்கு உத்தியோகம். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். எதிரே ஒரு மரம். அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கரடி போய்விட்டது. ராட்சத செகோயா மரத்தால் அன்று முதல் இன்று வரை நிகர லாபம் அடைந்தது யார் யார் என்று பட்டியல் போட்டால் அந்தக் கரடிக்குத்தான் முதலிடம். பின்னால் வந்த மனிதர்களில் பெரும்பாலோர் கைப்பொருளை இழந்தவர்கள்.

டவுட் முகாமுக்குத் திரும்பி, கண்டதைச் சொன்னார். நம்ப ஆளில்லை. தங்கம் தேடி வந்த கூட்டம் அது. பொய் என்பது அங்கே தங்கத்தைவிடத் தாராளமாகக் கிடைக்கும் சரக்கு. ‘ராத்திரி எவ்வளவு குடித்தாய்?’ என்று மட்டும் விசாரித்தார்கள். மனிதர் பொறுமைசாலி. சில நாள் கழித்து, ‘இந்த வட்டாரத்திலேயே பெரிய கரடியைச் சுட்டுவிட்டேன், தூக்க ஆள் வேண்டும்’ என்றார். கறி விஷயம் என்றதும் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. மலையேறி வந்தவர்களை மரத்தின் முன் நிறுத்தி, ‘இதுதான் கரடி’ என்றார்.

அமெரிக்க வரலாறு இதைத்தான் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறது. மீவாக் மக்கள் அந்தக் காட்டில் காலங்காலமாக இருந்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர்களிலும் டவுட் முதல் ஆள் இல்லை. 1833இல் ஜோசப் வாக்கர் என்பவரின் கோஷ்டி அந்த மலையைக் கடந்தது. அதிலிருந்த ஒருவர் பெருமரங்களைப் பற்றி நாட்குறிப்பில் எழுதி 1839இல் புத்தகமாகவும் போட்டார். அச்சுக்கூடத்தில் தீப்பிடித்துப் பிரதிகள் பெரும்பாலும் எரிந்துபோயின. 1850இல் வூஸ்டர் என்று ஒருவர் வந்து, மரத்தைப் பார்த்து, தன் பெயரையும் தேதியையும் பட்டையில் செதுக்கிவிட்டு, யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் போய்விட்டார். பெயர் செதுக்கும் வியாதி நம் ஊர்க் கோட்டைச் சுவர்களோடு நிற்பதில்லை.

பெயரோடு விட்ட வூஸ்டர் உத்தமர். டவுட் காட்டிய மரத்தை மறுவருடமே வெட்டினார்கள். விறகுக்கா என்றால் இல்லை, வீடு கட்டவும் இல்லை. இவ்வளவு பெரிய மரம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்காக வெட்டினார்கள். அடியில் இருபத்துநான்கு அடிக்கு மேல் குறுக்களவு உள்ள மரத்தை அறுக்க ரம்பத்துக்கு எங்கே போவது? சுரங்கத்தில் பம்புக் குழாய்க்குக் கட்டை குடையும் நீண்ட துறப்பணத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர், 22 நாள், ஒரு துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையாகப் போட்டார்கள். சுற்றி முழுக்கத் துளைத்து முடித்தபிறகும் மரம் விழவில்லை. வெட்டுப்பட்டது தெரியாததுபோல் அப்படியே நின்றது. ஆப்பு அடித்து, நெம்பித்தான் சாய்த்தார்கள். வளையங்களை எண்ணியபோது 1,244 என்று வந்தது.

அடிக்கட்டையை இழைத்து வழவழப்பாக்கி, 1854 ஜூலை 4ஆம் தேதி சுதந்திர தினத்தன்று அதன்மேல் நடனம் ஆடினார்கள். ஒரே நேரத்தில் 32 பேர். கீழே சாய்ந்து கிடந்த அடிமரத்தின் முதுகைச் செதுக்கிச் சமன்படுத்தி, அங்கே பந்து உருட்டும் ஆட்டக்களம் போட்டார்கள். பக்கத்தில் ஓட்டல் வந்தது. அடிக்கட்டைக்குக் கூரை வந்தது. சென்ற தலைமுறையில் ஊட்டிக்குப் போனவர்கள் படகுச் சவாரி செய்யாமல் திரும்பியதில்லை என்பதுபோல, கலிபோர்னியாவுக்குப் போனவர்கள் அந்தக் கட்டையின்மேல் ஒரு சுற்று ஆடாமல் திரும்பியதில்லை.

அதே வருடம் இன்னும் மேதாவித்தனமான யோசனை ஒன்று வந்தது. முழு மரத்தையும் கொண்டுபோக முடியாது, பட்டையை மட்டும் உரித்துக் கொண்டுபோனால்? ‘கானகத் தாய்’ என்று அவர்களே பக்தியோடு பெயர் வைத்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாரம் கட்டி ஏறி, 116 அடி உயரம் வரைக்கும் பட்டையைப் பாளம் பாளமாக உரித்து, எண் போட்டு, கப்பலேற்றினார்கள். நியூயார்க்கில் அதைத் திரும்பவும் கோத்து நிறுத்தி, 1855இல் கட்டணம் வசூலித்துக் காட்டினார்கள். பிறகு லண்டன் புறநகரில், சிடன்ஹாம் கிரிஸ்டல் பேலஸில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செகோயாவின் பட்டை இரண்டடி கனம் வரை இருக்கும், பிசின் கிடையாது, காட்டுத் தீயைச் சட்டை செய்யாது. மலையில் எத்தனையோ தீயைப் பார்த்த அந்தப் பட்டை, லண்டனில் ஒரு கட்டடத்துக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட காரணத்தால் 1866இல் எரிந்து சாம்பலானது. உரிக்கப்பட்ட தாய் ஊரில் சில வருடங்களில் பட்டுப்போய், மொட்டையாக நின்று, 1908இல் வந்த காட்டுத் தீயில் கருகியது. தோலை விற்றாயிற்று, எரியாமல் என்ன செய்யும்?

இதற்கிடையில் பெயர்ச் சண்டை தனியாக நடந்தது. வில்லியம் லாப் என்ற ஆங்கிலேயர், வீச் என்ற நாற்றுப்பண்ணை முதலாளிகளுக்காக உலகமெல்லாம் சுற்றி விதை பொறுக்குபவர். 1853இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் கெலாக் என்ற தாவரப் பிரியர் அவருக்கு இந்த மரத்தின் கிளையையும் காயையும் காட்டினார். கெலாக் நல்ல மனிதர், அவசரப்படாதவர், பெயர் வைக்கலாம் பிறகு என்று இருந்தார். லாப் அன்றைக்கே மலைக்கு ஓடினார். விதை, கிளை, இரண்டு உயிருள்ள கன்றுகள் சகிதம் கப்பலேறி, டிசம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1853 டிசம்பர் 24ஆம் தேதி, ஜான் லிண்ட்லி என்ற தாவரவியல் பேராசிரியர் மரத்துக்கு ‘வெலிங்டோனியா’ என்று பெயர் சூட்டி அச்சிலும் ஏற்றிவிட்டார். முந்தைய வருடம்தான் வெலிங்டன் பிரபு இறந்திருந்தார். நெப்போலியனைத் தோற்கடித்தவர், அதற்கு முன்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான போரில் இருந்தவர், குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவ முகாமுக்குப் பெயர் கொடுத்தவர், அதே ஆசாமி. சக மனிதர்களைவிட அவர் எவ்வளவு உயர்ந்தவரோ அவ்வளவு உயர்ந்தது இந்த மரம் என்பது லிண்ட்லியின் வாதம்.

அமெரிக்கர்களுக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் மண்ணில், எங்கள் மரத்துக்கு, எங்களை ஆண்ட நாட்டின் தளபதி பெயரா? ‘வாஷிங்டோனியா’ என்று பதில் பெயர் ஒன்றை 1854இல் எடுத்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றி நடனமும் உரிப்பும் நடந்தபோது வராத தேசபக்தி இந்த இடத்தில் பொங்கியது. நடுவே ஒரு பிரெஞ்சுக்காரர் புகுந்து, கடலோரச் செம்மரத்துக்கு ஏற்கெனவே இருக்கும் ‘செகோயா’ என்ற பேரினத்தில் இதையும் சேர்த்துவிட்டார். பிரிட்டிஷாருக்கு அதைவிட அவமானம், ‘வெலிங்டோனியா’ என்ற பெயர் 1840லேயே வேறு ஏதோ செடிக்கு வைக்கப்பட்டுவிட்டதாம். விதிப்படி அது செல்லாது. கடைசியில் 1939இல் புக்ஹோல்ட்ஸ் என்ற அமெரிக்கர் ‘செகோயாடெண்ட்ரான்’ என்று தனிப் பேரினம் கண்டு பஞ்சாயத்தை முடித்தார். இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் பிடிவாதமாக வெலிங்டோனியா என்றே சொல்கிறார்கள்.

காட்சிக்கு வெட்டும் மோகம் தெற்கே இருந்த தோப்புகளுக்கும் பரவியது. 1876இல் பிலடெல்பியாவில் நாட்டின் நூற்றாண்டுக் கண்காட்சி. அதற்காக முந்தைய வருடம் ஒரு மரத்தை வீழ்த்தி, துண்டு துண்டாக அனுப்பி, அங்கே ஒட்டி நிறுத்தினார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் சுற்றிவந்து பார்த்தார்கள், ஒட்டு தெரிந்தது. ‘இது பல மரங்களைச் சேர்த்துச் செய்தது, கலிபோர்னியா மோசடி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மரத்தைக் கொன்று அனுப்பிவைத்த பிறகு, அப்படி ஒரு மரமே இல்லை என்று தீர்ப்பு. மலையில் மிச்சமிருந்த அடிக்கட்டையில் மரவெட்டி முகாமின் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு வேதபாடம் நடத்தினார்கள். பாடத்தில் திருடாதே, கொலை செய்யாதே எல்லாம் இருந்திருக்கும்.

பாடம் வளர்ந்தவர்களுக்கு ஏறவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மறுபடியும் ஒன்று. இந்த முறை அமெரிக்க அரசாங்கத்தின் சொந்த மண்டபத்துக்கு. வெட்டிய மரத்தின் பெயர் ‘ஜெனரல் நோபிள்’. நோபிள் என்பவர் அப்போது உள்துறை அமைச்சர். அந்த ஊர் உள்துறைக்கு நம் ஊர்போல் நாட்டின் போலீஸ் பொறுப்பு கிடையாது. காடு, நிலம், தேசியப் பூங்கா எல்லாவற்றையும் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. காக்கும் துறையின் தலைவர் பெயரை ஒரு மரத்துக்கு வைத்து, அந்த மரத்தையே தேடிப்பிடித்து வெட்டி, அரசாங்கமே காட்சிக்கு வைத்தது. இப்படி ஒரு கதையை நான் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் மிகை என்று அடித்திருப்பார்.

வியாபாரத்துக்கு வெட்டியவர்கள் கதை இன்னும் பரிதாபம். கன்வர்ஸ் பேசின் என்ற இடத்தில் உலகத்திலேயே பெரிய செகோயாத் தோப்புகளில் ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் மலையிலிருந்து சாங்கர் என்ற ஊருக்கு 54 மைல் நீளத்துக்கு மரத்தாலேயே தண்ணீர்த் தொட்டிக் கால்வாய் கட்டி, அறுத்த பலகைகளை மிதக்கவிட்டுக் கீழே இறக்கினார்கள். கணக்குப் புத்தகத்தில் பிரமாதமாக இருந்த திட்டம். ஒரே ஒரு சிக்கல். கிழட்டுச் செகோயாவின் கட்டைக்கு வலு கிடையாது. சாய்த்தால், தரையில் போட்ட அப்பளம்போல் நொறுங்கும். பள்ளம் வெட்டி, தழை பரப்பி மெத்தை போட்டெல்லாம் பார்த்தார்கள், பாதிக்கு மேல் வீண். உடையாமல் தேறியது வேலிக் கம்புக்கும் கூரை ஓட்டுச் சில்லுக்கும் திராட்சைக் கொடிக்கு முட்டுக் கொடுக்கவும் போனது. இரண்டாயிரம் வருடம் வளர்ந்த மரம், கொடிக்கால் குச்சியாகி ஓய்வு பெற்றது. ஆயிரக்கணக்கில் வெட்டியும் கம்பெனிக்கு நஷ்டம்தான். தோப்பில் பிரமாண்டமான ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கு ‘பூல்’ என்று பெயர். பிராங்க் பூல் யார் என்றால், மற்ற மரங்களை வெட்டுவித்த மேலாளர்.

இந்தக் கூட்டத்தில் மனசு மாறிய ஒரே ஆளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வால்டர் ஃப்ரை 1888இல் மரவெட்டி வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் நாலு பேரோடு ஐந்து நாள் பாடுபட்டு ஒரு மரத்தைச் சாய்த்தார். சாய்த்தபிறகு வளையங்களை எண்ணினார், 3,266. மனிதர் கோடாரியைப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்து, இந்தக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்குங்கள் என்று மனு ஒன்று சுற்றுக்கு வந்தபோது மூன்றாவது கையெழுத்து அவருடையது. பின்னாளில் அதே பூங்காவுக்கு 1914 முதல் 1920 வரை மேற்பார்வையாளராகவும் இருந்தார். எண்ணத் தெரிந்த எல்லோருக்கும் இப்படி ஆகிவிடவில்லை என்பதுதான் துரதிர்ஷ்டம்.

இனி, நமது கதாநாயகர்கள்.

இன்றைய செகோயா தேசியப் பூங்காவின் மையம் ‘ராட்சதக் காடு’ என்ற மேட்டு நிலம். 1858இல் ஹேல் தார்ப் என்ற மாட்டுப்பண்ணைக்காரரை அங்கே கூட்டிக்கொண்டு போனவர்கள் மோனோ மக்கள். தார்ப் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்துக்குள் கதவு, ஜன்னல், அடுப்பு வைத்துக் குடியேறினார். மரம் சம்பந்தப்பட்ட வீடுகளில் மரத்துக்குத் தொந்தரவே இல்லாதது இதுதான். 1875இல் இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் வந்து தங்கி, அந்த இல்லத்தைப் புகழ்ந்து எழுதினார். ராட்சதக் காடு என்ற பெயரும் மியூர் வைத்ததே. 1879இல் வுல்வர்டன் என்ற இன்னொருவர், இருப்பதிலேயே பெரிய மரத்துக்கு, உள்நாட்டுப் போரில் ஊர் ஊராக எரித்துக்கொண்டு போன ஜெனரல் ஷெர்மன் பெயரைச் சூட்டினார். மரம் பருமனானது, நெருப்புக்கு அஞ்சாதது, ஒருவகையில் பொருத்தம்தான்.

1885இல் விசாலியா ஊரின் நிலப் பதிவு அலுவலகத்துக்குச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கி, ராட்சதக் காட்டை ஒட்டிய நிலங்களுக்கு ஆளுக்கொரு மனுப் போட்டார்கள். பலர் எழுதிக்கொடுத்த முகவரி ஒன்றே. குமாஸ்தாவுக்குப் புருவம் உயர்ந்தது. ஏதோ ரயில் கம்பெனியின் பினாமிகள் என்று முடிவுகட்டி மேலே எழுதிவிட்டார். நில ஆணையம் மனுக்களை நிறுத்திவைத்தது. உண்மையில் வந்தவர்கள் சோஷலிஸ்டுகள். முதலாளியின் கையாள் என்று கம்யூனிஸ்டுகள்மேல் சந்தேகப்பட்டு ஆரம்பித்த அரசாங்க நடவடிக்கை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தலைவர் பர்னெட் ஹாஸ்கல். வக்கீல், பத்திரிகைக்காரர், வாய்வீச்சில் எமகாதகர். உடன் நிதானஸ்தரான ஜேம்ஸ் மார்ட்டின். மரத்தை வெட்டி விற்று, அந்தப் பணத்தில் சுரண்டல் இல்லாத சமுதாயம் காண்பது அவர்கள் திட்டம். கவியா நதியோரத்தில் 1886இல் கூடாரம் அடித்துக் காலனி அமைத்தார்கள். உறுப்பினர் கட்டணம் 500 டாலர். நூறு ரொக்கம், மிச்சம் உழைப்பாகக் கொடுக்கலாம். காலனிக்குள் டாலர் கிடையாது. உழைத்த நேரமே பணம்: பத்து நிமிடச் சீட்டிலிருந்து இருபதாயிரம் நிமிடச் சீட்டு வரை அச்சடித்தார்கள். தத்துவவாதியும் தச்சரும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே கூலி. இதில் தச்சருக்கு ஆட்சேபம் இருந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடாது. ஆட்சேபம் எல்லோருக்கும் எல்லா விஷயத்திலும் இருந்தது. கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசியதற்கும் சீட்டு உண்டா என்று இன்னொரு கூட்டம்.

காட்டிலிருந்த மரங்களுக்குத் தங்கள் ரசனைப்படி மறுபெயர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய மரம், ஜெனரல் ஷெர்மன், அவர்கள் கையில் கார்ல் மார்க்ஸ் ஆனது. மார்க்ஸ் இறந்து சில வருடமே ஆகியிருந்தது. தாடி சமாச்சாரத்தில் ஷெர்மனைவிட மார்க்ஸுக்கே உரிமை அதிகம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இவர்களைக் கிண்டல் செய்துகொண்டே போகலாம். ஆனால், ஒரு காரியத்தில் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ரயில் போடக் காசில்லை என்றதும் சாலை போட்டார்கள். பதினெட்டு மைல். செங்குத்தான மலைச்சரிவில், கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து தவிர இயந்திரம் கிடையாது. நகரத்தில் அச்சுக்கோத்தவர்கள், தையல்காரர்கள், சங்கப் பேச்சாளர்கள். நான்கு வருடம். 1890 கோடையில் மேலே மரம் அறுக்கும் ஆலை வரை சாலையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். வாட்டத்தைக் கச்சிதமாகக் கணக்கிட்டுப் போட்ட பாதை அது, பொறியாளர்களே மெச்சியது.

சாலை முடிந்த அதே வருடம் செப்டம்பர் 25ஆம் தேதி, செகோயா தேசியப் பூங்கா சட்டமானது. விசாலியாவில் பத்திரிகை நடத்திய ஜார்ஜ் ஸ்டுவர்ட் போன்றவர்கள் மரங்களைக் காப்பாற்றப் போராடி வாங்கிய சட்டம். அது சின்னப் பூங்காதான், காலனியின் நிலத்தைத் தொடவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி யோசெமிட்டிக்காக வந்த இன்னொரு சட்டத்தின் கடைசியில் யாரோ நாலு வரி நுழைத்திருந்தார்கள். செகோயாப் பூங்கா மூன்று மடங்காகிவிட்டது. காலனிக்காரர்கள் கேட்டிருந்த நிலம் முழுக்க உள்ளே. உள்ளூரில் போராடியவர்களுக்கே இது செய்தி. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் கை இதில் இருந்தது என்று சந்தேகம். மலையில் புதிதாக ஒரு மரவியாபாரம் கிளம்புவதில் அவர்களுக்கு விருப்பம் இருந்திருக்க நியாயமில்லை. ரயில் கம்பெனியின் ஆட்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை, ரயில் கம்பெனியே ஒழித்துக்கட்டியது என்றால் அதில் ஒரு வட்டம் பூர்த்தியாகிறது.

அடுத்து வழக்கு. அரசாங்க நிலத்தில் மரம் வெட்டினார்கள் என்று காலனியின் பொறுப்பாளர்களுக்குத் தண்டனை. வெட்டியது செகோயாவைக்கூட அல்ல. சுற்றிலும் கம்பெனிகள் ராட்சதர்களை ஆயிரக்கணக்கில் சாய்த்து வேலிக்கம்பு செய்துகொண்டிருந்த காலத்தில், இந்த மலையில் மரம் வெட்டியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள், ஒரு செகோயாவையும் தொடாத இந்த ஏழைச் சோஷலிஸ்டுகள். 1892இல் காலனி கலைந்தது. சாலைக்கு நஷ்டஈடு கேட்டார்கள், அரசாங்கம் காலணா தரவில்லை. ஆனால், சாலையை எடுத்துக்கொண்டது. 1926இல் வேறு நெடுஞ்சாலை திறக்கும்வரை அந்தப் பூங்காவுக்கு வந்த ஒவ்வொரு கனவானும் சீமாட்டியும் சோஷலிசத்தின்மேல் ஏறித்தான் போனார்கள். கார்ல் மார்க்ஸ் திரும்பவும் ஜெனரல் ஷெர்மன் ஆனார்.

காலனி கலையும் முன்பே பூங்காவைக் காக்கக் குதிரைப்படை வந்தது. கிரான்ட் என்ற இன்னொரு தோப்பில் கிடந்த ஒரு பொந்து மரத்தில் 32 குதிரைகளைக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். அதே பொந்து மனிதர்களுக்கும் வீடாக, சாராயக் கடையாக இருந்திருக்கிறது. 1903 கோடையில் படையோடு வந்தவர் கேப்டன் சார்லஸ் யங். அடிமைப் பெற்றோருக்குக் கென்டக்கியில் பிறந்து, ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பின அதிகாரி. தேசியப் பூங்கா ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. காலனிக்காரர்கள் ஆலையோடு நிறுத்திய சாலையை அந்த ஒரே கோடையில் ராட்சதக் காட்டுக்குள் கொண்டுசேர்த்துவிட்டார். அதற்கு முந்தைய மூன்று கோடைகளில் நடந்த வேலையைவிட அதிகம். ஊர்க்காரர்கள் மகிழ்ந்து, உங்கள் பெயரை ஒரு மரத்துக்கு வைக்கிறோம் என்றார்கள். வேண்டாம், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பெயரை வையுங்கள்; என் பெயர்தான் வேண்டுமென்று இருபது வருடம் கழித்தும் தோன்றினால் அப்போது பார்க்கலாம் என்றார். அவர்கள் நூறு வருடம் எடுத்துக்கொண்டார்கள். 2004இல் யங்குக்கு மரம் கிடைத்தது. இந்த நீண்ட பெயர்ப் பட்டியலில், பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

காப்பாற்றப்பட்ட மரங்களை என்ன செய்வது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் வந்தது. பதில், கார் ஓட்டுவது. யோசெமிட்டியின் மாரிபோசா தோப்பில் வவோனா மரத்தை 1881லேயே, 75 டாலர் கூலிக்கு, குதிரை வண்டி போகும் அளவுக்குக் குடைந்திருந்தார்கள். பிறகு கார்கள் வரிசையில் நின்றன. 1969இல் பனிச்சுமை தாங்காமல் அது விழுந்தது. ஆனால், அதன் புகைப்படம் விழவில்லை. அது நின்றது செகோயாப் பூங்காவிலேயே இல்லை என்றாலும், செகோயாவின் ரேஞ்சர்களைப் பார்த்து, ‘கார் போகும் மரம் எங்கே?’ என்று கேட்பது நின்றபாடில்லை. அவர்களும் வேறு வழியின்றி ஒரு சமாதானப் பரிசு வைத்திருக்கிறார்கள். 1937இல் தானாகச் சாலையின் குறுக்கே விழுந்த மரத்தில் மறுவருடம் வெட்டிய ஓட்டை, எட்டடி உயரம். கூரைமேல் மூட்டை கட்டிய பெரிய கார்கள் பக்கத்துச் சுற்றுப்பாதையில் போகவேண்டும். குழந்தைகள் அழும்.

எது பெரியது என்ற சண்டையும் ஓய்ந்தபாடில்லை. ஷெர்மன் நிற்பது டுலேரி மாவட்டத்தில். ஜெனரல் கிரான்ட் என்ற மரம், பிரெஸ்னோ மாவட்டக்காரர்கள் தங்களுடையது என்று கொண்டாடுவது. உயிரோடு இருந்தபோது தோளில் கைபோட்டுக்கொண்டு போரிட்ட இரண்டு ஜெனரல்களின் மரங்களுக்காக, இரண்டு ஊர் வர்த்தகர்கள் முறைத்துக்கொண்டார்கள். 1931இல் பொறியாளர்கள் நாடாவோடு வந்து அளந்தார்கள். கனஅளவில் ஷெர்மன், 275 அடி உயரம், ஏறக்குறைய 52,500 கனஅடி. கிரான்டுக்கு வருத்தம் வேண்டாம் என்று, தேசத்தின் கிறிஸ்துமஸ் மரம் என்ற பட்டம் 1926லேயே தரப்பட்டிருந்தது. தோற்ற தரப்புத் தளபதி ராபர்ட் லீ பெயரிலும் பக்கத்திலேயே ஒரு மரம் உண்டு. 2006இல் ஷெர்மன், இரண்டு மீட்டருக்கு மேல் தடிமனும் முப்பது மீட்டருக்கு மேல் நீளமுமான ஒரு கிளையை உதறினார். பார்வையாளர்கள் நெருங்கக்கூடாது என்று போட்ட வேலி நொறுங்கி, நடைபாதையில் பள்ளம் விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே ராட்சதக் காட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு ஊரே முளைத்திருந்தது. விடுதிகள், கடை, எண்ணெய் நிலையம். ஓட்டல் குப்பையைக் கொட்டி, கரடிகள் தின்பதைப் படிக்கட்டு இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் காட்சியைப் பூங்கா நிர்வாகமே 1940 வரை நடத்தியது. டவுட்டிடம் தப்பிய கரடியின் சொந்தக்காரர்களுக்கு மிச்ச ரொட்டி. வேர்மேல் நிற்கும் கட்டடங்களால் மரங்களுக்குக் கேடு என்று தெரிந்தும், எடுக்க எழுபது வருடம் பிடித்தது. 1990களின் கடைசியில்தான் ஏறக்குறைய 300 கட்டடங்களை இடித்தார்கள்.

அன்பினால் செய்த கெடுதல்தான் எல்லாவற்றிலும் பெரிது. மரத்தைக் காப்பாற்றுவது என்றால் தீயை அணைப்பது என்று நினைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு பொறி விடாமல் அணைத்தார்கள். பிறகு ஒருநாள் கவனித்தார்கள், கன்றுகளைக் காணோம். 1960களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்பவரின் ஆய்வு விஷயத்தைப் போட்டு உடைத்தது. செகோயாவின் காய்கள் இருபது வருடம்கூடப் பச்சையாக, மூடியபடி மரத்திலேயே இருக்கும். கீழே தீ எரிந்து சூடு ஏறினால்தான் மொத்தமாக வாய் திறக்கும். விழும் விதை ஒரு ஓட்ஸ் துணுக்கு அளவு. சருகு மெத்தையில் விழுந்தால் காய்ந்துவிடும், தீ துடைத்துவைத்த வெறும் மண் வேண்டும். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு, பிறகு அதே வேலையை முனைவர் பட்டத்தோடு 1960களின் கடைசியில் ஆரம்பித்தார்கள்.

தாமதம். சேர்ந்துபோன சருகும் புதரும், வறட்சியும், ஏறிய வெப்பமும் கூடின. 2020இல் வந்த தீயில் மட்டும் உலகத்திலுள்ள பெரிய செகோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனது. 2021இல் தீ ராட்சதக் காட்டுக்கே வந்தபோது ஜெனரல் ஷெர்மனின் அடியை வெள்ளி நிறத் தீத்தடுப்புத் தாளில் சுற்றினார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வயதில், பொட்டலம் கட்டிய நிலையில், அவர் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஷெர்மன் பிழைத்தார். அதற்குக் காரணம் தாளல்ல, அந்த இடத்தில் பல வருடம் திட்டமிட்டுச் சருகை எரித்து வைத்திருந்தது என்று தீயணைத்தவர்களே சொன்னார்கள். தூரத்துத் தோப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2020, 2021 இரண்டு வருடத் தீயிலும் சேர்த்து உலகத்துப் பெரிய செகோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் இறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

விதை தரத் தாய்மரங்களே இல்லாமல் கருகிய தோப்புகளில், கன்றுகளை வளர்த்துக் கொண்டுபோய் நடுவது என்று பூங்காத் துறை 2023இல் முடிவு செய்தது. சூழல் அமைப்புகள் சில உடனே நீதிமன்றத்துக்குப் போயின. சட்டப்படி மனிதன் கைவைக்கக்கூடாத வனாந்தரம் அது. அங்கே மரம் நடுவது குற்றம் என்பது அவர்கள் வாதம்.